கழுகு பிழைத்தது, கூலியாள் பிழைக்க வேண்டாமா?

அமெரிக்க டாலர் நோட்டில் ஒரு பறவையின் உருவம் உண்டு. ஒரு காலில் ஒலிவக் கிளை, மறு காலில் அம்புக் கட்டு. வெண்தலைக் கழுகு என்று அதற்குப் பெயர். 1782-ம் ஆண்டு முதல் அமெரிக்க சர்க்காரின் முத்திரை அதுதான். 2024 டிசம்பரில் அது சட்டப்படி அந்நாட்டின் தேசியப் பறவையும் ஆயிற்று.

அந்த முத்திரையைக் கண்டால் உழைக்கும் மக்களுக்கு நினைவு வருவது குண்டு வீச்சும் ராணுவ ஒப்பந்தமும்தான். அது முத்திரை குத்துகிறவர்களின் குற்றம். பறவையின் மேல் பழி எதுவும் இல்லை. ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் மரத்தில் கூடு கட்டி, மீன் பிடித்துத் தின்று, ஆண்டுக்கு ஒன்றிரண்டு குஞ்சு பொரித்து வாழும் பறவை அது.

இந்தப் பறவை ஒரு சமயம் அழிந்தே போகும் தறுவாயில் இருந்தது. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக உள்ள 48 அமெரிக்க மாநிலங்களிலும் சேர்த்து, 1963-ல் கணக்கெடுத்தவர்கள் கண்டது 417 ஜோடிகள் மட்டுமே. இன்று நிலைமை வேறு. 2021-ல் வெளியான சர்க்கார் கணக்குப்படி அதே 48 மாநிலங்களில் கூடு கட்டும் ஜோடிகள் 71,000-க்கும் மேல். மொத்தக் கழுகுகள் 3,16,700.

கூலிக்கும் பஞ்சப்படிக்கும் போராடும் மக்களின் பத்திரிகை கழுகைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. கழுகைக் கொன்ற விஷம் முதலில் வயலில் வேலை செய்த கூலியாளின் மேல்தான் விழுந்தது. அந்த விஷத்தை, அமெரிக்க சர்க்கார் தடுப்பதற்கு முன்பே, தோட்டத் தொழிலாளர் சங்கம் தன் ஒப்பந்தத்தில் தடுத்தது. பின்னர் சர்க்கார் சட்டம் வந்து கழுகைக் காப்பாற்றியபோது, கூலியாள் மட்டும் சட்டத்துக்கு வெளியே நின்றான். இந்தக் கதை நம் வயல்களுக்கும் ஆலைகளுக்கும் உரிய கதை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் துப்பாக்கி

கழுகுக்கு முதல் எதிரி துப்பாக்கி. கழுகு சால்மன் மீனைத் தின்கிறது என்று மீன் டின் முதலாளிகளும், நரிக்குட்டிகளைத் தூக்குகிறது என்று தோலுக்காக நரி வளர்த்த பண்ணைக்காரர்களும் கூக்குரலிட்டார்கள். அலாஸ்காவில் 1917 முதல் 1950-களின் தொடக்கம் வரை, சுட்டு வீழ்த்திய ஒவ்வொரு கழுகுக்கும் பொதுப் பணத்திலிருந்து இனாம் கொடுக்கப்பட்டது. இப்படிக் கொல்லப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் மேல். தன் முத்திரையில் இருக்கும் பறவையைக் கொல்லத் தானே காசு கொடுத்த ஆட்சி அது! மீன் டின்னில் லாபம் குறையும் என்றால் முத்திரை எம்மாத்திரம்?

1940-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கழுகுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. கழுகைச் சுடுவதும், முட்டையை எடுப்பதும், இறகை விற்பதும் குற்றம் என்றது. அப்போதும் அலாஸ்காவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

துப்பாக்கிக்குச் சட்டம் வந்துவிட்டது. இனிக் கழுகு பெருகும் என்று எல்லோரும் எண்ணினார்கள். நடந்தது வேறு.

பிறகு மருந்து

ஸ்விட்சர்லாந்தில் கெய்கி என்ற கம்பெனியின் விஞ்ஞானி பால் முல்லர், டி.டி.டி. என்ற ரசாயனம் பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-ல் கண்டுபிடித்தார். இதற்காக 1948-ல் நோபல் பரிசு பெற்றார். யுத்த காலத்தில் பேன் மூலம் பரவும் டைபஸ் காய்ச்சலிலிருந்தும், கொசுவால் வரும் மலேரியாவிலிருந்தும் இந்த மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. நம் நாட்டிலும் அப்படியே. சுதந்திரம் வந்த காலத்தில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா கண்டு, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது சர்க்கார் மதிப்பீடு. 1953-ல் தொடங்கிய ஒழிப்பு இயக்கத்தின் பலனாக 1965-ல் நோய் கண்டோர் தொகை சுமார் 1 லட்சமாகக் குறைந்தது. வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்ததற்கு இதில் பெரும் பங்கு உண்டு. இதை நாம் மறுக்கவில்லை. விஞ்ஞானத்தின் மேல் நமக்கு விரோதமும் இல்லை.

ஆனால் சுவரில் அடிக்கும் மருந்தில் கம்பெனிகளுக்கு எவ்வளவு லாபம் கிடைத்துவிடும்? 1945-ல் யுத்தம் முடிந்ததும் அமெரிக்கக் கம்பெனிகள் இந்த மருந்தை வயல்களின் மேல் கொட்டத் தொடங்கின. விமானத்தில் ஏற்றி வயல், காடு, குளம், ஊர் என்று பாராமல் தூவினார்கள். 30 ஆண்டுகளில் அமெரிக்க மண்ணில் கொட்டிய டி.டி.டி. 6 லட்சம் டன்னுக்கும் மேல். கடைசி ஆண்டுகளில் அதில் பெரும் பகுதியை விழுங்கியது பருத்திப் பயிர். ஆலையில் நூல் நூற்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மருந்து எளிதில் அழியாது. மழையில் கரைந்து ஓடி மறைவதும் இல்லை. வண்டலோடு ஆற்றுக்குப் போகிறது. நீரில் உள்ள நுண்ணுயிர்களின் உடலில் துளித் துளியாகச் சேர்கிறது. நுண்ணுயிரைத் தின்னும் சிறுமீனில் அது பெருகுகிறது. சிறுமீனைத் தின்னும் பெருமீனில் இன்னும் பெருகுகிறது. அந்த மீனைத் தின்னும் கழுகின் கொழுப்பில் மலையாகக் குவிகிறது. லேவாதேவிக்காரனிடம் வாங்கிய கடன் வட்டி மேல் வட்டியாக ஏறுவதைப் போன்ற கணக்கு இது.

இதனால் கழுகு உடனே செத்து விழவில்லை. அதன் முட்டை ஓடு மெலிந்தது. டி.டி.டி. உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள், ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து சேராமல் தடுத்துவிட்டது. தாய்ப் பறவை அடைகாக்க உட்கார்ந்ததும், அதன் பாரத்தால் முட்டை நொறுங்கியது.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் சார்லஸ் புரோலி. பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதிய வயதில் பிளாரிடா கடற்கரையில் உயர்ந்த மரங்களில் ஏறி, கழுகுக் குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் மாட்டுவதை ஒரு தொண்டாகச் செய்தார். 1939 முதல் 1949 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு வளையம் மாட்டினார். 1958-ல் 100 மைல் கடற்கரையைச் சுற்றிய பிறகுதான் அவருக்கு ஒரே ஒரு குஞ்சு அகப்பட்டது.

பிரிட்டனில் டெரெக் ராட்கிளிப் என்ற விஞ்ஞானி, வைரி போன்ற வேட்டைப் பறவைகளின் பழைய முட்டை ஓடுகளையும் புதிய ஓடுகளையும் நிறுத்துப் பார்த்தார். யுத்தத்துக்குப் பிந்திய ஓடுகள் திடீரென்று மெலிந்திருப்பதை 1967-ல் உலகுக்குக் காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்க விஞ்ஞானிகளும் அதையே தங்கள் நாட்டில் நிரூபித்தார்கள்.

உண்மை சொன்னால் கம்யூனிஸ்டு!

1962-ல் ரேச்சல் கார்சன் என்ற விஞ்ஞானி இந்த விஷத்தின் கதையை ஒரு நூலாக எழுதினார். கம்பெனிகள் துடித்துப் போயின. ரசாயனக் கம்பெனிகளின் சங்கம் அவருக்கு எதிரான பிரசாரத்துக்கு லட்சக்கணக்கான டாலரை வாரி இறைத்தது. வெல்சிகால் என்ற கம்பெனி, நூலை வெளியிடாதே என்று பதிப்பகத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அமெரிக்காவின் உணவு உற்பத்தியைச் சோஷலிச நாடுகளின் மட்டத்துக்கு இறக்க விரும்பும் தீய சக்திகள் இத்தகைய பிரசாரத்தின் பின்னால் உள்ளன என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

வாசகர்களே, கவனியுங்கள்! கார்சன் கம்யூனிஸ்டு அல்ல. தொழிற்சங்கவாதியும் அல்ல. பறவை, மீன், கடல் பற்றி எழுதி வந்த அம்மையார். லாபத்துக்கு இடைஞ்சலான உண்மை ஒன்றைச் சொன்னதும் அவர் மேலும் அந்தச் சாயம் பூசப்பட்டது. கூலி உயர்வு கேட்டதும் நம் மேல் எந்தப் பூச்சாண்டி ஏவப்படுகிறதோ, அதே பூச்சாண்டிதான். அவர் 1964-ல் புற்றுநோயால் காலமானார். அவர் சொன்ன உண்மை சாகவில்லை.

திராட்சைத் தோட்டத்தில் நடந்தது

முதலாளித்துவப் பத்திரிகைகள் கழுகின் கதையைச் சொல்லும்போது இனி நாம் சொல்லப் போவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

கலிபோர்னியாவின் டிலானோ வட்டாரம் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த ஏழைகள். 1935-ல் அமெரிக்கத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை அளித்த மத்தியச் சட்டம், விவசாயத் தொழிலாளரைப் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. அந்த விலக்கு இன்றும் அச்சட்டத்தில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 1940-ல் கழுகுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, திராட்சை பறிக்கும் கூலியாளுக்குச் சங்கப் பாதுகாப்புகூட இல்லை.

1965 செப்டம்பர் 8-ந் தேதி, லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எட்டு நாளில் சீசர் சாவேஸ், டோலோரஸ் ஹுவர்ட்டா ஆகியோரின் தலைமையில் இருந்த மெக்சிகத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது. பாஷையும் தேசமும் வேறான இரு பகுதியினரை ஒருவருக்கொருவர் கருங்காலிகளாக ஏவிவிட்டே முதலாளிகள் அதுவரை பிழைத்து வந்தார்கள். அந்தத் தந்திரம் அன்று உடைந்தது.

கூலி கேட்டுத் தொடங்கிய போராட்டம் விரைவில் மருந்தையும் தொட்டது. மருந்தடித்த ஈரம் காயுமுன் தோட்டத்துக்குள் அனுப்பப்பட்டவர்களுக்குக் கண் எரிச்சல், தோல் புண், வாந்தி, மயக்கம். எந்தத் தோட்டத்தில் என்ன மருந்து, எவ்வளவு அடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1968-ல் சங்கத்தின் வக்கீல் கெர்ன் ஜில்லா விவசாய அதிகாரியிடம் பதிவேட்டைக் கேட்டார். உடனே கோர்ட்டிலிருந்து தடை உத்தரவு வந்தது. விஷம் தொழிலாளியின் தோலில். அதன் பெயர் முதலாளியின் ரகசியம்!

சங்கம் மக்களிடம் சென்றது. கலிபோர்னியாத் திராட்சையை வாங்காதீர்கள் என்று நகரம் நகரமாகப் பிரசாரம் நடந்தது. நீங்கள் தின்னும் பழத்திலும் இந்த மருந்து இருக்கிறது என்று வீட்டுப் பெண்களிடம் எடுத்துச் சொன்னார்கள். பிரிட்டிஷ் துறைமுகத் தொழிலாளர்கள் திராட்சைப் பெட்டிகளை இறக்க மறுத்தார்கள். அமெரிக்க ராணுவ இலாகாவோ, வியத்நாமில் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த தன் துருப்புகளுக்கென்று முன்னைவிட அதிகத் திராட்சை வாங்கி முதலாளிகளுக்குக் கை கொடுத்தது. அதுவும் பலிக்கவில்லை.

ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1970 ஜூலை 29-ந் தேதி, டிலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கூலி உயர்ந்தது. அதோடு, திராட்சைத் தோட்டங்களில் டி.டி.டி. அடிக்கக் கூடாது, ஆல்டிரின், டீல்டிரின், என்டிரின், பாரதியான் அடிக்கக் கூடாது என்ற ஷரத்தும் சங்க ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது.

அமெரிக்க சர்க்கார் டி.டி.டி.யைத் தடை செய்தது 1972-ல். தொழிலாளர் சங்கம் முந்திக்கொண்டது! கழுகுக்கு விஷமான மருந்தை, கழுகைப் பற்றி ஒரு பாடமும் படிக்காத கூலியாட்கள் தங்கள் ஒப்பந்தத்தால் தடுத்தார்கள்.

கழுகு திரும்பியது

விஞ்ஞானிகளும் வக்கீல்களும் செய்த வேலையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஊர் ஊராகக் கோர்ட்டுகளில் வழக்குத் தொடுத்தார்கள். ஹங்கேரி 1968-லேயே தடை செய்துவிட்டது. ஸ்வீடனும் நார்வேயும் 1970-ல் தடுத்தன. அமெரிக்காவில் ஏழு மாத விசாரணை நடந்தது. 125 சாட்சிகள், 9,000 பக்கத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலம். விசாரித்த அதிகாரி, தடை வேண்டியதில்லை என்றே எழுதினார். ஆனாலும் நாட்டில் எழுந்திருந்த கிளர்ச்சியை அசட்டை செய்ய முடியவில்லை. 1972 ஜூன் 14-ந் தேதி சுற்றுச்சூழல் இலாகாத் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸ் தடை உத்தரவு பிறப்பித்தார். அவ்வாண்டு டிசம்பர் 31 முதல் அது அமலுக்கு வந்தது.

மருந்து நின்றது, முட்டை ஓடு மெல்ல மெல்லத் தடித்தது. 1973-ல் அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் வந்தது. கூடு இருக்கும் மரத்தை வெட்டுவதும், கூட்டருகே போய்த் தொல்லை செய்வதும் தடுக்கப்பட்டன. நியூயார்க் மாநிலத்தில் 1976-ல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஜோடி. அதுவும் குஞ்சு பொரிக்க முடியாத ஜோடி. அங்கே 1976 முதல் 1988 வரை 198 குஞ்சுகளைப் பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து, உயர்ந்த பரண்களில் வைத்து, மனித முகம் காட்டாமல் மீன் ஊட்டி, சிறகு முளைத்ததும் பறக்கவிட்டார்கள். பல மாநிலங்களில் இப்படிச் செய்தார்கள். 2007 ஜூனில் 48 மாநிலங்களிலும் 9,789 ஜோடிகள். அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து கழுகின் பெயர் நீக்கப்பட்டது.

மகிழ வேண்டிய செய்தி. மனிதன் கெடுத்ததை மனிதனே திருத்த முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் எல்லா இடத்திலும் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. கலிபோர்னியாவில் டாரன்ஸ் என்ற ஊரில் மாண்ட்ரோஸ் கம்பெனியின் டி.டி.டி. ஆலை இருந்தது. ஆலைக் கழிவைச் சாக்கடையில் விட்டார்கள். சாக்கடை கடலுக்குப் போயிற்று. கடலடி வண்டலில் 100 டன்னுக்கும் மேல் டி.டி.டி. படிந்தது. எதிரே உள்ள தீவுகளில் கழுகு அடியோடு ஒழிந்தது. 1980 முதல் கட்டலீனா தீவில் புதிய கழுகுகளைக் கொண்டுவிட்டார்கள். அவை இட்ட முட்டையும் நொறுங்கின. விஞ்ஞானிகள் நிஜ முட்டையை எடுத்துக்கொண்டு போலி முட்டையைக் கூட்டில் வைத்து, வெளியே குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து தாயிடம் சேர்த்தார்கள். உதவியில்லாமல் தீவுக் கழுகு குஞ்சு பொரித்தது சான்டா குரூஸில் 2006-ல், கட்டலீனாவில் 2007-ல். ஒரு கம்பெனியின் லாபத்துக்கு ஒரு கடல் அரை நூற்றாண்டு வட்டி கட்டியது! வழக்கு முடிந்து 14 கோடி டாலர் வசூலாக 2000-ம் ஆண்டு ஆயிற்று. அமெரிக்காவில் தடை வந்த பிறகும் அந்த ஆலை 1982 வரை நடந்தது. சொந்த நாட்டில் விஷம் என்று விலக்கியதை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

மறக்கப்பட்ட உயிர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

டி.டி.டி. போன பிறகு முதலாளி மருந்து அடிப்பதை நிறுத்தினானா? இல்லை. பாரதியான், மெதில் பாரதியான் போன்ற மருந்துகளுக்கு மாறினான். ஜெர்மனியில் ஐ.ஜி. பார்பன் கம்பெனியில், யுத்தத்துக்கான நரம்பு விஷவாயுவைக் கண்டுபிடித்த கெர்ஹார்ட் ஷ்ராடர் கண்டுபிடித்த மருந்தே பாரதியான். விஷவாயுவும் அதுவும் ஒரே குடும்பம். அது வெயிலிலும் மண்ணிலும் சில வாரங்களில் சிதைந்துவிடும். ஆற்றில் சேராது, மீனில் பெருகாது, கழுகின் முட்டையைக் கெடுக்காது. ஆனால் அடிக்கிறவனின் தோல் வழியே உடலில் ஏறி, நரம்பைத் தாக்கி, அன்றைக்கே ஆளைச் சாய்த்துவிடும்.

1972-ல் தடை உத்தரவு போட்ட சர்க்காருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மாற்று மருந்து கையாளுகிறவர்களுக்கு அபாயமானது, அதைப் பயன்படுத்தப் பழக்க அவகாசம் வேண்டும் என்று சொல்லித்தான் ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். கழுகுக்கு நிரந்தரத் தடை. கூலியாளுக்கு ஆறு மாதப் பயிற்சி! பாரதியானுக்கு அமெரிக்காவில் கடும் கட்டுப்பாடு வந்தது 1991-ல். முழுவதும் ஒழிந்தது 2003-ல். டிலானோத் தொழிலாளிகள் அதே மருந்தைத் தங்கள் ஒப்பந்தத்தில் எப்போதோ விலக்கியிருந்தார்கள். 1973-ல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முதலாளிகள் வேறொரு சங்கத்தோடு திரைமறைவில் கைகோத்து, அந்தப் பாதுகாப்பைப் பறித்துக்கொண்டார்கள். சங்கம் வலுத்தால் விஷம் விலகுகிறது. சங்கம் தளர்ந்தால் விஷம் திரும்புகிறது. கழுகின் கதையிலிருந்து நாம் படிக்கும் பாடம் இது.

கழுகைக் காத்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. நூறு முறை சரி. பறவையைக் காக்கத் தெரிந்த ஆட்சி, மருந்து டேங்கைத் தோளில் சுமப்பவனை ஏன் காக்கவில்லை என்பதே நம் கேள்வி.

நம் மண்ணில்

பாரதியான் என்றால் நம் வாசகர்களுக்குப் புதுப் பெயராக இருக்கலாம். பாலிடால் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இரண்டும் ஒன்றுதான். பாலிடால் என்பது கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். 1958-ல் கப்பலில் உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றி வந்த இந்த மருந்து கசிந்து கலந்து, கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1968-ல், பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. மருந்து கையாளுகிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை, பயிற்சி, வைத்தியப் பரிசோதனை வேண்டும் என்று 1971-ல் அதன் கீழ் விதிகள் எழுதப்பட்டன. எழுதப்பட்ட விதியை எத்தனை மிராசுதார் வரப்பில் கண்டீர்கள்?

காசர்கோட்டை எல்லோரும் அறிவர். அங்கே பொதுத்துறைத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் மேல் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்பான் மருந்தை ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். டி.டி.டி.யின் கூட்டத்தைச் சேர்ந்த மருந்து இது. கீழே கிணறும் குடிசையும் குழந்தையும் இருந்தன. ஊனமாகப் பிறந்த குழந்தைகளின் படத்தைப் பார்த்துக் கலங்காதவர் யார்? ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2011 மே 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதும் அந்த மருந்தைத் தடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. தோட்டம் பொதுத்துறையைச் சேர்ந்தது என்பதால் விஷம் அமிர்தமாகிவிடவில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அதே 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலியாட்களும் மாண்டார்கள். பல நூறு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அடித்த மருந்து முகத்திலும் மார்பிலும் திரும்பி விழுந்தது. கையுறை இல்லை, முகமூடி இல்லை. பருத்தி ஆலைக்கு வந்தது, நூலாயிற்று, துணியாயிற்று. அந்தத் துணியில் விலை எழுதியிருக்கும். மாண்டவர்களின் கணக்கு எழுதியிருக்காது. ஆலைத் தோழர்களே, உங்கள் கதிரில் சுற்றும் பஞ்சுக்கும் அந்த வயலில் விழுந்த மனிதனுக்கும் உள்ள உறவை எண்ணிப் பாருங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

டிலானோத் தொழிலாளிகள் நம்மைவிடப் படித்தவர்கள் அல்லர். நம்மைவிட வசதி படைத்தவர்களும் அல்லர். அவர்கள் செய்ததை நாமும் செய்ய முடியும்.

முதலாவதாக, வயலில் அடிக்கும் மருந்தின் பெயர் கூலியாளுக்குத் தெரிய வேண்டும். வாளியில் கலக்கிக் கொடுத்து "அடி" என்றால், "இது என்ன மருந்து?" என்று கேட்கும் உரிமை வேண்டும். டப்பாவின் மேல் உள்ள முக்கோணக் குறியில் சிவப்பு இருந்தால் கொடிய விஷம் என்பதைச் சங்கக் கிளைகள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, கூலிப் பேச்சு வார்த்தையில் மருந்தும் இடம்பெற வேண்டும். கையுறை, முகமூடி, கால் மூடும் செருப்பு, கழுவச் சோப்பும் தண்ணீரும் நிலச்சொந்தக்காரரின் செலவு. மருந்தடித்த வயலில் உரிய நாள் கழியுமுன் களை பறிக்கப் பெண்களை இறக்கக் கூடாது. இவை ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும்.

மூன்றாவதாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்து எப்போதும் இருக்க வேண்டும். மருந்தடித்து விழுந்தவனைத் தற்கொலைக் கேஸ் என்று எழுதித் தள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். மாண்டவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும்.

நான்காவதாக, ஆலைச் சங்கங்கள் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் கோரிக்கைகளாக ஏற்க வேண்டும். திராட்சைத் தொழிலாளி ஜெயித்தது தனியாக அல்ல. துறைமுகத் தொழிலாளியும் நகரத்து மக்களும் தோள் கொடுத்ததால்தான் ஜெயித்தான். பருத்தி வயலுக்குத் தோள் கொடுக்க ஆலைத் தொழிலாளியைவிடப் பொருத்தமானவர் யார்?

கழுகு கோர்ட்டுக்குப் போகவில்லை, மனுக் கொடுக்கவில்லை. அதற்காக மற்றவர்கள் பேசினார்கள். அதனால் பிழைத்தது. கூலியாளுக்கு வாய் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் மருந்து டேங்க் தோளில் ஏறுமுன், கிளைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை வையுங்கள். வாயைத் திறப்போம், சங்கத்தைப் பலப்படுத்துவோம்!